வாங்குவதும் 'மாய்', விற்பதும் 'மாய்'

சீனாவில் மருத்துவம் படித்துத் திரும்பிய நம் ஊர் மளிகைக் கடைப் பிள்ளையின் சிட்டைக் கணக்கு

நம் கடைகளில் சீனாவின் பெயர் புழங்காத நாள் கிடையாது. சர்க்கரைக்குத் தென் மாவட்டத்துக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் சீனி. பாத்திரக் கடையில் தொங்குவது சீனச் சட்டி. நாட்டு மருந்துக் கடையில் படிகாரத்தைச் சீனாக்காரம் என்று கேட்கிற பெரியவர்கள் இன்றும் உண்டு. கடல்பாசியைச் சைனா கிராஸ் என்று கேட்டுத்தான் வாங்குகிறார்கள். பண்டம் மட்டும் வந்து போனதல்ல, நம்மவர்களும் அங்கே போய்த் தங்கியிருக்கிறார்கள். சீனக் கடற்கரையில் சுவான்சௌ என்ற துறைமுக நகரில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. வணிகத்துக்குப் போனவர்கள் அங்கே சிவன் கோயிலே எழுப்பியிருந்தார்கள்.

இக்காலத்தில் நம் பிள்ளைகள் மருத்துவப் படிப்புக்காக அங்கே போகிறார்கள். கொரோனாவுக்கு முன் சீனாவில் 23,000க்கும் மேற்பட்ட இந்திய மாணவர்கள் இருந்தனர். அவர்களில் பெரும்பாலோர் மருத்துவ மாணவர்கள். காரணம் நமக்குப் புரியாததல்ல. இங்கே கிராக்கி அதிகம், சீட்டு குறைவு. அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்காத பிள்ளைக்குத் தனியார் கல்லூரி கேட்கும் தொகை நடுத்தர வணிகரால் எட்ட முடியாதது.

அண்மையில் நம் உறுப்பினர்கள் சிலர் நம்மிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "ஏஜெண்ட் வந்துட்டுப் போனாரு. சீனாவுல டாக்டர் சீட்டு இருக்குங்கறாரு. அனுப்பலாமா?" பதில் தெரிந்தவரைத் தேடி, தேரடி வீதிக்குப் பக்கத்தில் மளிகை வைத்திருக்கும் ஓர் உறுப்பினரின் கடைக்குப் போனோம். அவர் மகன் 2017இல் சீனா சென்று, 2024இல் படிப்பை முடித்தவர். பெயர் வேண்டாம் என்று தந்தையும் மகனும் கேட்டுக்கொண்டனர். பௌர்ணமிக்கு மறுநாள், கிரிவலக் கூட்டம் வடிந்து கடை சற்று ஓய்ந்திருந்த மதிய வேளை.

தந்தை பேசத் தொடங்குமுன் கல்லாவுக்கு அடியிலிருந்து நான்கு நோட்டுகளை எடுத்து வைத்தார். நாம் கடையில் வைத்திருக்கிறோமே, அதே நீளச் சிட்டை நோட்டு. "கிளம்பறப்ப ஒண்ணுதான் சொன்னேன். வேணுங்கறதுக்குத் தாராளமா செலவு பண்ணு, ஆனா எதுன்னாலும் சிட்டையில எழுதுன்னு. எழுதி வச்சிருக்கான். ஏஜெண்ட் நோட்டீசைப் பார்க்கறவங்க இதையும் பார்க்கட்டும்" என்றார்.

பார்த்தோம். அதில் கண்டதையும் தம்பி வாய்மொழியாகச் சொன்னதையும் சேர்த்து உறுப்பினர்கள் முன் வைக்கிறோம்.

பெட்டியில் போன சரக்கு

முதல் பக்கத்தில் பெட்டிக் கணக்கு. பொன்னி அரிசி 5 கிலோ, துவரம்பருப்பு 3 கிலோ, புளி 1 கிலோ, சாம்பார்ப் பொடி 1 கிலோ, ரசப் பொடி அரைக் கிலோ, அப்பளம் 4 கட்டு, பெருங்காயம், ஊறுகாய், ஒரு சின்னக் குக்கர். மளிகைக் கடைக்காரர் கட்டிய பெட்டி என்று பார்த்தவுடன் தெரிகிறது.

"இதுல அரிசிதான் வீண் சுமை" என்று சிரிக்கிறார் தம்பி. உலகில் மிக அதிகமாக நெல் விளைவிக்கும் நாடுகளில் ஒன்றுக்கு நாம் அரிசி கொண்டுபோகத் தேவையில்லை. அங்கே கிடைப்பது பெரும்பாலும் வெந்தால் ஒட்டிக்கொள்ளும் ரகம். குச்சியால் எடுத்துச் சாப்பிட அதுதான் வசதி. ரசம் ஊற்றிப் பிசைய நம் கைக்குப் பழகச் சில வாரம் ஆகும், அவ்வளவுதான். அம்மா கட்டிக் கொடுத்த நெய் டப்பா சுங்கச் சோதனையிலேயே போய்விட்டது. பால் பொருள், பழம், காய்கறி, இறைச்சி, விதை ஆகியவற்றைப் பயணிகள் கொண்டுவரச் சீனாவில் அனுமதி இல்லை.

மூன்றாவது மாதம் புளி தீர்ந்தது. பிறகு தக்காளியை வைத்தே ரசம், குழம்பு எல்லாம். துவரம்பருப்பு அந்த ஊர்க் கடைகளில் கிடையாது. பெரிய நகரத்து இந்தியக் கடையிலிருந்து தருவிக்க வேண்டும். கூலியும் சேர்ந்து நம் ஊர் விலையைப் போல் பல மடங்கு ஆகும். தயிர் கிடைக்கும், ஆனால் பெரும்பாலும் சர்க்கரை போட்ட தயிர். இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய், கொத்தமல்லித் தழை எல்லாம் தாராளம். மல்லாட்டைக்கோ குறைவே இல்லை. உலகில் நிலக்கடலை விளைச்சலில் முதலிடம் சீனா, அடுத்த இடம் நாம். செங்கம் பக்கத்து மல்லாட்டையில் அரைத்துப் பழகிய சட்னியை அங்கத்துக் கடலையில் அரைத்து, கேரளப் பிள்ளைகளையும் ஆந்திரப் பிள்ளைகளையும் அதற்கு அடிமையாக்கிவிட்டாராம் தம்பி.

"அடுத்து யாராவது போனா என்ன கட்டணும்?" என்று கேட்டோம். "புளி, பருப்பு, பொடி வகை, பெருங்காயம். மத்தது அங்கேயே பார்த்துக்கலாம். முக்கியமா ரெண்டு நல்ல ஸ்வெட்டர்" என்றார்.

சந்தையில் படித்த பாடம்

அவர் இருந்தது யாங்சி ஆற்றங்கரையில் ஒரு நகரம். கல்லூரிக்குப் பின்புறம் காலைச் சந்தை. கடையில் வளர்ந்த பிள்ளை என்பதால் வகுப்பறைக்கு முன்பே சந்தை அவருக்குப் பழகிவிட்டது.

சீன மொழியில் ஓசையின் ஏற்ற இறக்கம் மாறினால் பொருள் மாறிவிடும். பொதுச் சீன மொழியில் நான்கு ஏற்ற இறக்கங்கள். அதில் வணிகர்களாகிய நாம் அறிய வேண்டிய வேடிக்கை ஒன்று உண்டு. 'மாய்' என்று குரலைத் தாழ்த்தி மேலே ஏற்றினால் வாங்குவது. அதே 'மாய்' என்பதை மேலிருந்து வெட்டி இறக்கினால் விற்பது. இரண்டையும் சேர்த்து 'மாய்மாய்' என்றால் வியாபாரம். முதல் வாரம் முட்டைக்காரம்மாவிடம் போய், "நான் முட்டை விற்கிறேன்" என்று சொல்லி நின்றாராம். அந்த அம்மா சிரித்து, அவர் கையில் கூடை இல்லாததைக் காட்டி, சரியான ஓசையைச் சொல்லிக் கொடுத்தார். அன்றைய சிட்டையில் எழுதியிருக்கிறது: முட்டை 10. பாடம் இலவசம்.

சந்தையில் எடை 'ஜின்' கணக்கு. ஒரு ஜின் என்பது சரியாக 500 கிராம். ஜின்னுக்குப் பத்து 'லியாங்'. ஒரு லியாங் 50 கிராம். 1959க்கு முன் ஜின்னுக்குப் பதினாறு லியாங் இருந்ததாம். அதனால் சமமாக உள்ள இரண்டைச் சொல்ல 'அரை ஜின், எட்டு லியாங்' என்ற பேச்சு இன்னும் அங்கே இருக்கிறது. நம் பெரியவர்கள் வீசையையும் பலத்தையும் மறக்காதது போலத்தான். விஷயம் தெரியாதவர் அட்டையில் எழுதிய விலையைக் கிலோவுக்கு என்று நினைத்து, மலிவு மலிவு என்று பை நிறைய வாங்கிவிட்டுக் கணக்குப் பார்க்கும்போது திகைப்பார். தம்பியும் ஒரு நாள் திகைத்திருக்கிறார்.

எண்களுக்கு விரல் பாஷையும் உண்டு. ஒரே கையால் பத்து வரை காட்டுவார்கள். கட்டை விரலும் சுண்டு விரலும் நீட்டினால் ஆறு. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் நீட்டினால் எட்டு. நம் தீபத் திருவிழா மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு மூடி விரல் பிடித்து விலை பேசுவதைப் பார்த்து வளர்ந்தவருக்கு இது ஒரே நாளில் பிடிபட்டது. நாம் எட்டு என்றால் சற்றுத் தயங்குவோம். அங்கே எட்டுதான் ராசி. நான்கு ஆகாது, மரணம் என்ற சொல்லின் ஓசை அதற்கு. மாடிக் கட்டடங்கள் சிலவற்றில் நான்காம் மாடி என்றே எழுதுவதில்லையாம்.

2017இலேயே கீரைக்காரர் முதல் ரொட்டி சுடுகிறவர் வரை ஒரு கட்டம் போட்ட அட்டையைத் தொங்கவிட்டுச் செல்பேசியில் பணம் வாங்கினார்கள். "அப்பா, இங்கே யார் கடையிலும் கல்லாவே திறக்கறதில்லை" என்று மகன் சொன்னபோது தந்தை நம்பவில்லை. இப்போது அவர் கல்லாவுக்கு மேலேயே அப்படி ஓர் அட்டை. பக்கத்தில் தொகையை உரக்கச் சொல்லும் பெட்டி.

சுடுதண்ணீரும் குளிரும்

சிட்டையில் முதல் மாதமே ஒரு செலவு: பிளாஸ்க் 1. அங்கே தண்ணீரைச் சூடாகத்தான் குடிப்பார்கள். உணவுக் கூடத்திலும், விடுதித் தாழ்வாரத்திலும், ரயிலிலும் சுடுதண்ணீர்க் குழாய் இருக்கும். சளி, வயிற்று வலி, மனக் கஷ்டம் எதைச் சொன்னாலும் அவர்கள் சொல்லும் முதல் வைத்தியம், சுடுதண்ணீர் குடி. "எங்க ஆயாவைச் சீனாவுல பார்த்த மாதிரி இருந்துச்சு" என்கிறார் தம்பி.

உணவுக் கூடத்தில் காலையில் ஆவியில் வேகவைத்த மாவு உருண்டை, சோயாப் பால். மதியம் சோறும் இரண்டு பொரியலும். தக்காளியும் முட்டையும் சேர்த்துக் கிளறியது எல்லாக் கூடத்திலும் கிடைக்கும். முட்டை சாப்பிடுகிற பிள்ளைக்குப் பிழைப்பு ஓடும். முழுச் சைவம் என்றால் சிரமம். காய்ப் பொரியல் என்று நினைத்து வாங்கினால் அது பன்றிக் கொழுப்பில் வதக்கியதாக இருக்கலாம். 'நான் இறைச்சி சாப்பிடமாட்டேன்' என்ற சீன வாக்கியத்தை விமானம் ஏறுமுன்பே மனப்பாடம் செய்யவேண்டும்.

குளிர் இன்னொரு பாடம். சீனாவின் வடபகுதியில் நவம்பர் நடுவிலிருந்து மார்ச் நடு வரை கட்டடம் முழுவதும் வெந்நீர்க் குழாய் ஓட்டிச் சூடாக்குவார்கள். யாங்சி ஆற்றுப் பக்கம் அந்த ஏற்பாடு வழக்கமில்லை. வடக்கே பனி கொட்டும், அறைக்குள் கதகதப்பு. தெற்கே குளிர் குறைவுதான், ஆனால் அறைக்குள்ளும் அதே குளிர். "தெற்குன்னா சூடுன்னு நினைச்சோம்" என்கிறார் தந்தை. முதல் டிசம்பரில் சிட்டை முழுக்கக் கம்பளி, கையுறை, காலுறை.

போனில் வராத கணக்கு

சீனா முழுவதற்கும் ஒரே கடிகாரம். நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும். நம்மவர் இரவு பத்து மணிக்குக் கடையடைத்து வீட்டுக்குப் போய்ப் போனை எடுத்தால் அங்கே பன்னிரண்டரை. நாம் பயன்படுத்தும் வாட்ஸ்அப் அங்கே இயங்காது; வீசாட் என்ற செயலியைக் கடையில் இறக்கி வைத்துப் பேசினார்கள். பௌர்ணமி அன்று மட்டும் அப்பா எடுக்கமாட்டார். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைச் சுற்ற வரும் கூட்டம் கடைக்கும் வரும் நாள் அது. அங்கேயும் பௌர்ணமிக்கு விசேஷம் உண்டு. இலையுதிர் காலத்து நிலா விழா, புத்தாண்டுக்குப் பிறகு வரும் விளக்கு விழா, இரண்டும் முழு நிலா நாளில். எல்லாரும் வீட்டுக்குப் போய்விட, விடுதி காலியாக இருக்கும்.

நாம் நோட்டைப் புரட்டியபோது தந்தை ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். 2018 ஜனவரி. நான்கு நாள் வரிசையாக உணவுச் செலவே இல்லை. 'மருந்து 46 யுவான்' என்று ஒரே ஒரு வரி. கடும் காய்ச்சலில் அறையில் தனியாகக் கிடந்திருக்கிறார். அந்த நான்கு நாளும் போனில் சொன்னது, "நல்லா இருக்கேம்பா, சாப்பிட்டேன்." இன்னொரு பக்கம், 2017 டிசம்பர் 2. கார்த்திகை தீபம். நம் மலையில் மாலை ஆறுக்கு தீபம் ஏறும்போது அங்கே இரவு எட்டரை. விடுதி அறையில் நெருப்பு ஏற்றக்கூடாது. அன்றைய வரி: 'ஜன்னல்கிட்ட நின்னேன். செலவு இல்லை.'

"இதையெல்லாம் அவன் திரும்பி வந்த பிறகுதான் படிச்சேன். பணம் போதுமான்னு ஒவ்வொரு வாரமும் கேட்டேன். வேற எதுவும் கேக்கத் தோணலை" என்றார் தந்தை. பிள்ளையை வெளிநாடு அனுப்பியிருக்கும் உறுப்பினர்கள் இந்த வரியை மனத்தில் வைக்க வேண்டுகிறோம்.

வகுப்பில் ஆங்கிலம், வார்டில் சீனம்

"எல்லாம் ஆங்கிலத்துலதான், கவலையே வேணாம்" என்று சொல்லித்தான் ஏஜெண்ட் பணம் வாங்கினார். பாடப் புத்தகமும் வகுப்பும் ஆங்கிலம் என்பது உண்மை. ஆனால் ஆசிரியர் சிலரின் ஆங்கிலம் திணறும். அதைவிடப் பெரிய சங்கதி, மருத்துவமனையில் படுத்திருக்கும் நோயாளி சீன மொழி மட்டும் பேசுவார். அதிலும் முதியவர்கள் வட்டார வழக்கில் பேசுவார்கள். எங்கே வலிக்கிறது என்று கேட்கவும், சொல்வதைப் புரிந்துகொள்ளவும் முடியாத மாணவர் வார்டில் சுவரோரம் நிற்கவேண்டியதுதான்.

எச்எஸ்கே என்ற சீன மொழித் தேர்வில் நான்காம் படி தேறவேண்டும் என்பது மருத்துவ மாணவர்களுக்கு அங்குள்ள விதி. அந்தப் படிக்கு ஏறக்குறைய 1,200 சொற்கள் என்பது பழைய பாடத்திட்டக் கணக்கு. தம்பிக்கு இது பெரிய பாரமாக இருக்கவில்லை. முட்டைக்காரம்மா, ரொட்டிக்காரர், சைக்கிள் பழுது பார்ப்பவர் என்று தினமும் நாலு பேரிடம் பேசியதில் காது பழகிவிட்டது. "கடையில உட்கார்ந்து வளர்ந்தவனுக்கு முன்பின் தெரியாதவங்ககிட்டப் பேசக் கூச்சம் இருக்காதுங்க" என்கிறார். அறைக்குள்ளேயே இருந்து நம்மவர்களோடு மட்டும் பழகிய மாணவர்கள் நான்காம் ஆண்டில் தவித்ததை அவர் பார்த்திருக்கிறார்.

பதினைந்து நாள் லீவு, இரண்டே முக்கால் ஆண்டு

2020 ஜனவரி 25 சீனப் புத்தாண்டு. குளிர்கால விடுமுறைக்கு ஜனவரி நடுவில் தம்பி ஊருக்கு வந்தார். கையில் சின்னப் பெட்டி, திரும்பும் டிக்கெட். புத்தகம், கம்பளி எல்லாம் விடுதியில். ஜனவரி 23இல் ஊஹான் நகரம் மூடப்பட்டது. ஜனவரி 30இல் இந்தியாவின் முதல் கொரோனா நோயாளி கேரளத்தின் திருச்சூரில் கண்டறியப்பட்டார்; அவரும் ஊஹானிலிருந்து வந்த மருத்துவ மாணவிதான். அடுத்த நாள்களில் ஏர் இந்தியாவின் இரண்டு விமானங்கள் ஊஹானிலிருந்து 647 இந்தியர்களை மீட்டு வந்தன.

அதன்பின் கதை நமக்குத் தெரியும். ஆனால் கடையின் உள்ளே நடந்தது இது. சீனாவில் எட்டு மணி வகுப்பு என்றால் இங்கே விடியற்காலை ஐந்தரை. சரக்கு மூட்டைகளுக்கு நடுவில் செல்பேசியை நிறுத்தி வைத்து நோயாளியைப் பரிசோதிக்கும் முறையைப் படிப்பது. எட்டு மணிக்குக் கல்லாவில் உட்காருவது. 2020 ஜூன் 29இல் நம் அரசு 59 சீனச் செயலிகளைத் தடை செய்தது. அதில் வீசாட்டும் ஒன்று. கல்லூரி அறிவிப்பெல்லாம் அதில்தான் வரும். அதற்கும் மாற்று வழி தேடவேண்டியதாயிற்று. "டாக்டர் தம்பி, எப்பத் திரும்பப் போறே?" என்று கேட்கும் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லமுடியாமல் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த நாள்களைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. அந்த நாள்களுக்குச் சிட்டையும் இல்லை.

2022 ஆகஸ்ட் 24 முதல்தான் மாணவர் விசா மீண்டும் தரப்பட்டது. அக்டோபரில் வேறு நாடு சுற்றிப் போய்ச் சேர்ந்தார். நேரடி விமானம் அப்போது இல்லை. 2020இல் நின்ற அது 2025 அக்டோபரில்தான் மறுபடி தொடங்கியது. போனவுடன் பத்து நாள் தனிமை. பிறகு வார்டுப் பயிற்சி, ஓராண்டு இன்டர்ன்ஷிப், 2024இல் பட்டம். கட்டணம் ஆண்டுக்கு 30,000 யுவான் என்பது மாறவில்லை. ஆனால் 2017இல் பத்து ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக இருந்த யுவான் 2023இல் பதினொன்றரையைத் தாண்டியிருந்தது. ஒவ்வொரு ஆண்டுக் கட்டணத்திலும் அரை லட்சத்துக்கு மேல் கூடுதல். இதை எந்த நோட்டீசும் சொல்லாது.

300க்கு 150

பட்டம் வாங்கினால் கணக்கு முடிந்ததாக நினைத்துவிடக்கூடாது. வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர் இங்கே தொழில் செய்ய எப்எம்ஜிஇ என்ற தகுதித் தேர்வில் தேறவேண்டும். 300 கேள்விகளுக்கு 150 மதிப்பெண். ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. 2022 செப்டம்பரில் பெய்ஜிங்கிலுள்ள நம் இந்தியத் தூதரகம் ஒரு கணக்கை வெளியிட்டது. 2015 முதல் 2021 வரை சீனாவில் படித்துவந்து இத்தேர்வை எழுதியவர்கள் 40,417. தேறியவர்கள் 6,387. அதாவது நூற்றுக்கு 16.

நம் தொழிலில் நூறு மூட்டை இறக்கி 16 மூட்டை மட்டும் தேறினால் அந்தப் பக்கமே போகமாட்டோம். இங்கே போனது மூட்டை அல்ல, பிள்ளைகளின் ஆறு, ஏழு ஆண்டுகள். தம்பியும் முதல் முறை 138 வாங்கித் தேறவில்லை. வேட்டவலம் சாலையில் வாங்கிப் போட்டிருந்த மனையை ஏற்கெனவே விற்றாயிற்று. "அன்னைக்கு ராத்திரி கடையைப் பூட்டிட்டுப் படியிலேயே உட்கார்ந்துட்டேன்" என்கிறார் தந்தை. மகன் ஆறு மாதம் மாடியறையை விட்டு இறங்காமல் படித்தார். 2025இல் தேறினார். இப்போது அரசு மருத்துவமனை ஒன்றில் பயிற்சி மருத்துவர்.

முன்பணத்துக்கு முன்

ஒரு லோடு பருப்பு வாங்குமுன் மாதிரி பார்க்கிறோம், எடை பார்க்கிறோம், பில் கேட்கிறோம். பிள்ளையின் படிப்புக்கு இதில் பாதியாவது பார்க்கவேண்டும். தேசிய மருத்துவ ஆணையத்தின் விதிகள் 2021 நவம்பர் 18இல் வெளியாயின. அதற்குப் பிறகு சேர்ந்த, சேரப்போகிற எல்லாருக்கும் அவை பொருந்தும். கேட்கவேண்டிய கேள்விகள் இவை:

1. பிள்ளை நீட் தேறியாயிற்றா? 2018 முதல் வெளிநாட்டு மருத்துவப் படிப்புக்கும் நீட் கட்டாயம். 'நீட் வேண்டாம்' என்று சொல்லும் ஏஜெண்டை அப்போதே அனுப்பிவிடலாம்.

2. படிப்பு 54 மாதத்துக்குக் குறையாமல் உண்டா? அதற்குமேல் 12 மாத இன்டர்ன்ஷிப் அதே கல்லூரியில் நடக்குமா? பாதியில் கல்லூரி மாற்றம் கூடாது.

3. முழுப் படிப்பும் ஆங்கிலத்தில்தானா? ஆங்கிலத்தில் மருத்துவம் நடத்த 45 கல்லூரிகளுக்கே அனுமதி என்று 2022இல் தூதரகம் அறிவித்தது. சேரும் ஆண்டின் பட்டியலைத் தூதரகத்தின் இணையப் பக்கத்தில் நாமே பார்க்கவேண்டும். ஏஜெண்ட் காட்டும் நகல் போதாது.

4. அந்தப் பட்டம் அந்த நாட்டிலேயே மருத்துவராகப் பதிவு செய்யத் தகுதி தருமா? இதுவும் இந்திய விதியில் உண்டு. எழுத்தில் வாங்கவேண்டும்.

5. சேர்ந்த நாளிலிருந்து பத்து ஆண்டுக்குள் எல்லாம் முடியுமா? அதற்குள் முடிக்கவேண்டும் என்பது விதி.

6. கட்டணம் யார் கணக்குக்குப் போகிறது? கல்லூரிக் கணக்குக்கு நேராக வங்கி மூலம் அனுப்பி, கல்லூரி ரசீது வாங்கவேண்டும். நம் உறுப்பினர் முதல் ஆண்டு ஏஜெண்டிடம் மொத்தமாகக் கொடுத்தார். விடுதிக்கு அவர் வாங்கியதும் விடுதி எழுதிய ரசீதும் ஒத்துவரவே இல்லை.

7. திரும்பி வந்தபின் தகுதித் தேர்வுக்கும், இந்தியாவில் ஓராண்டுப் பயிற்சிக்கும் ஆகும் காலமும் செலவும் நம் கணக்கில் இருக்கின்றனவா?

இந்த ஏழுக்கும் பதில் சரியாக இருந்து, பிள்ளைக்கும் உண்மையான ஆர்வம் இருந்தால் தயங்கவேண்டியதில்லை. தம்பியே அதற்குச் சாட்சி. அந்த மண்ணைப் பற்றி அவரிடம் ஒரு குறையும் இல்லை. காய்ச்சலில் கிடந்த ஐந்தாம் நாள் அவரைத் தேடிவந்து கஞ்சி கொடுத்தவர் அந்த முட்டைக்காரம்மாதான். "ஏமாத்தினது அந்த ஊரு இல்லீங்க. கேக்காம வாங்கினது நாங்க" என்றார் தந்தை. "வாங்கறவன் கேள்வி கேக்கணும். கேக்கலைன்னா நம்மளை வித்துடுவாங்க. ரெண்டும் அங்கே ஒரே வார்த்தைதானே" என்று மகன் சிரித்தார்.

மகள் இப்போது பிளஸ் டூ. சென்ற மாதம் வேறோர் ஏஜெண்ட் வழுவழுப்பான நோட்டீசோடு கடைக்கு வந்திருக்கிறார். அண்ணன் அந்த நோட்டீசின் பின்பக்கத்திலேயே மேற்கண்ட ஏழையும் எழுதிக் கொடுத்தனுப்பினார். நாம் போன நாள் வரை பதில் வரவில்லை. நீட் முடிவு வரட்டும், பிறகு தங்கையையே கேட்டு முடிவு செய்வது என்று வீட்டில் பேசி வைத்திருக்கிறார்கள்.

நான்கு சிட்டை நோட்டுகளும் கல்லாவுக்கு அடியிலேயே இருக்கின்றன. பிள்ளையை அனுப்ப எண்ணும் உறுப்பினர்கள் சங்க அலுவலகத்தில் சொன்னால் நேரில் பார்க்க ஏற்பாடு செய்கிறோம். பௌர்ணமி நீங்கலாக எந்த நாளும் வரலாம் என்று தந்தை சொல்லியிருக்கிறார்.